வெளிநாட்டு அனிமேஷன் குறும்படங்களை வட்டுகளில் சேகரிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

முழுநீளப் படங்களைச் சேகரிப்பவருக்கு ஒரு படம் என்றால் ஒரு வட்டு. குறும்படங்களைச் சேகரிப்பவருக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. ஏழு நிமிடப் படம் தனி வட்டாக வெளிவருவது அபூர்வம். அது ஓர் இயக்குநரின் தொகுப்புக்குள் இருக்கும், அல்லது ஒரு ஸ்டூடியோவின் திரட்டில் இருக்கும், அல்லது வேறொருவருடைய முழுநீளப் படத்தின் வட்டில் இணைப்பாக ஒட்டிக்கொண்டிருக்கும், அல்லது பல ஆண்டுகளுக்கு முன்பே விற்பனை நின்றுபோன விஎச்எஸ் கேசட்டில் மட்டும் இருக்கும். ஒரே படம் மூன்று நாடுகளில், மூன்று வட்டுகளில், மூன்று விதமான தரத்தில் கிடைப்பதும் உண்டு. ஆகவே இந்தச் சேகரிப்பில் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டியது படத்தைத்தான். எந்தப் பிரின்டிலிருந்து, எவ்வளவு கவனத்தோடு அது வட்டுக்கு மாற்றப்பட்டது என்பதைப் பார்த்தே எந்த வட்டை வாங்குவது என்று முடிவெடுக்க வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த ஒரு கருத்திலிருந்து கிளைத்தவை.

முதற்படி: எல்லையை வகுத்துக்கொள்ளுதல்

எமில் கோல் 1908-இல் ‘ஃபன்டாஸ்மகோரி’யை வரைந்த நாளிலிருந்து இன்றுவரை உருவான அனிமேஷன் குறும்படங்களை ஒருவர் ஓர் ஆயுளில் பார்த்து முடிக்கவே இயலாது, சேகரித்து முடிப்பதைச் சொல்லவே வேண்டியதில்லை. தொடக்கத்திலேயே ஒரு வேலியைப் போட்டுக்கொள்வது நல்லது. ஸ்டூடியோ வழியாகச் செல்லலாம்: 1939-இல் நிறுவப்பட்ட கனடாவின் தேசியத் திரைப்பட வாரியம், 1936-இல் மாஸ்கோவில் தொடங்கிய சோயுஸ்முல்ட்ஃபிலிம், 1953-இல் உருவான ஸாக்ரெப் ஃபிலிம், 1957-இல் தனி நிறுவனமான ஷாங்காய் அனிமேஷன் ஃபிலிம் ஸ்டூடியோ ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனி உலகம். தொழில்நுட்ப வழியாகவும் செல்லலாம்: அலெக்ஸேயெஃபும் கிளேர் பார்க்கரும் ஆயிரக்கணக்கான ஊசிகளின் நிழலால் உருவாக்கிய ஊசிப்பலகைப் படங்கள், லோட்டே ரைனிகரின் நிழலுரு வெட்டுப் படங்கள், செக் நாட்டுப் பொம்மைப் படங்கள், அலெக்சாந்தர் பெத்ரோவ் கண்ணாடியின் மேல் எண்ணெய் வண்ணத்தை விரலால் தீட்டி உருவாக்கிய படங்கள், ஷாங்காயின் மைத்தூரிகைப் படங்கள் என்று நூல் பிடித்துக்கொண்டு போகலாம்.

புதிதாகத் தொடங்குபவருக்கு நான் பரிந்துரைப்பது இயக்குநர் வழி. காரணம் மிக எளிது: ஓர் இயக்குநரின் படங்களை ஒருசேரத் தொகுத்து, குறிப்பேட்டோடு வெளியிட்ட நல்ல பெட்டிகள் ஏற்கெனவே இருக்கின்றன. நார்மன் மெக்லாரனின் படைப்புகளைக் கனடாவின் வாரியமே 2006-இல் 7 டிவிடிகள் கொண்ட பெட்டியாக வெளியிட்டது. செக் நாட்டு இயக்குநர் யான் ஷ்வாங்க்மயரின் குறும்படங்களை பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் 2007-இல் 3 வட்டுகளில் தொகுத்தது. ஜப்பானியரான ஒஸாமு தெஸூகாவின் பரிசோதனைக் குறும்படங்கள் அமெரிக்காவில் கினோ நிறுவனத்தின் வெளியீடாக ஒரே வட்டில் வந்தன. இப்படிப்பட்ட இரண்டு மூன்று பெட்டிகளை முழுமையாகப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, பிறகு எந்தத் திசையில் ஆழமாகப் போக வேண்டும் என்பது தானாகவே தெரிந்துவிடும்.

இரண்டாம் படி: படங்களின் பட்டியல்

வாங்கத் தொடங்கும் முன்பே ஒரு பட்டியலைத் தொடங்குங்கள். ஒவ்வொரு படத்துக்கும் மூலமொழித் தலைப்பு, இயக்குநர், ஸ்டூடியோ, ஆண்டு, ஓடும் நேரம், வண்ணமா கறுப்பு வெள்ளையா என்பது, வசனம் உண்டா என்பது ஆகியவை ஒரு வரியில் இருக்க வேண்டும்.

மூலமொழித் தலைப்பை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. துஷான் வுகோதிச் 1961-இல் எடுத்த ‘சுரோகாட்’, அமெரிக்கப் படமல்லாத ஒரு படைப்பு அனிமேஷன் குறும்படத்துக்கான ஆஸ்கர் விருதைப் பெற்ற முதல் நிகழ்வாக வரலாற்றில் இடம்பெற்றது. அதே படம் ‘எர்சாட்ஸ்’ என்ற பெயரிலும் உலவுகிறது. தொகுப்பு வட்டின் பின்னட்டையில் ‘எர்சாட்ஸ்’ என்று மட்டும் இருந்தால், பட்டியலில் ‘சுரோகாட்’ என்று மட்டும் எழுதி வைத்திருப்பவர் அதைப் புதிய படம் என்று எண்ணிவிடுவார். ஷாங்காய் ஸ்டூடியோவின் 1988-ஆம் ஆண்டுப் படமான ‘ஷான்ஷுவெய் சிங்’, மலையையும் நீரையும் பற்றிய உணர்வு என்ற பொருளில் ஆங்கிலத்தில் மட்டுமே இரண்டு மூன்று வடிவங்களில் பெயர் பெற்றிருக்கிறது. ஒரே படத்தை இரண்டு பெயர்களில் இரண்டு முறை வாங்கிய அனுபவம் எனக்கும் உண்டு. அன்றிலிருந்து இயக்குநர் பெயரும் ஆண்டும் ஓடும் நேரமும் மூன்றும் பொருந்தினால் அது ஒரே படம்தான் என்று கொள்கிறேன். மாற்றுத் தலைப்புகளுக்கென்று பட்டியலில் தனிப் பத்தி ஒன்றை ஒதுக்குவது இதற்குத் தீர்வு.

எந்தப் படங்களைப் பட்டியலில் சேர்ப்பது என்று தெரியாதவர்கள் அனிமேஷன் விழாக்களின் பரிசுப் பட்டியல்களிலிருந்து தொடங்கலாம். ஆனெஸி விழா 1960-இலும், ஸாக்ரெப் விழா 1972-இலும், ஒட்டாவா விழா 1976-இலும், ஹிரோஷிமா விழா 1985-இலும் தொடங்கின. இந்தப் பரிசு வரிசையைப் படித்தாலே எந்தக் காலத்தில் எந்த நாட்டின் கை ஓங்கியிருந்தது என்பதன் வரைபடம் கிடைத்துவிடும்.

மூன்றாம் படி: படம் ஒளிந்திருக்கும் இடங்களை அறிதல்

இயக்குநர் தொகுப்பு, ஸ்டூடியோ திரட்டு, விழாத் திரட்டு ஆகியவை எளிதில் கண்ணில் படும். பலரும் தவறவிடுவது முழுநீளப் படத்தின் வட்டில் உள்ள இணைப்புகளை. ரெனே லாலூவின் 1973-ஆம் ஆண்டு முழுநீளப் படமான ‘லா பிளானெட் சோவாஜ்’ வட்டை அமெரிக்க வட்டு வெளியீட்டாளரான கிரைட்டீரியன் நிறுவனம் வெளியிட்டபோது அவருடைய தொடக்ககாலக் குறும்படங்களான ‘லே தாம் மோர்’, ‘லெஸ் எஸ்கார்கோ’ ஆகியவற்றையும் அதில் சேர்த்தது. கரேல் ஸெமானின் மூன்று முழுநீளப் படங்கள் அடங்கிய 2020-ஆம் ஆண்டுப் பெட்டியில், கண்ணாடிப் பொம்மைகளை அசைய வைத்த அவருடைய 1949-ஆம் ஆண்டுக் குறும்படம் ‘இன்ஸ்பிராத்ஸெ’ இருக்கிறது. ஆகவே ஒரு குறும்படத்தைத் தேடும்போது, அதன் இயக்குநர் பிற்காலத்தில் முழுநீளப் படம் எடுத்தாரா என்பதையும், எடுத்திருந்தால் அதன் எல்லா நாட்டுப் பதிப்புகளிலும் என்னென்ன இணைப்புகள் இருந்தன என்பதையும் பார்க்க வேண்டும். முன்னட்டையில் இவை அச்சாவதில்லை; பின்னட்டையின் அடிப்பகுதியில் பொடி எழுத்தில் இருக்கும்.

மற்றொன்று: ஒரு நாட்டின் படத்துக்கு மிகச் சிறந்த வட்டு அந்த நாட்டிலேயே வெளியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ரஷ்யரான யூரி நார்ஷ்டெய்னின் படங்கள் 2கே எனப்படும் உயர் தரத்தில் செப்பனிடப்பட்டு, 2017-இல் ப்ளூ-ரே தொகுப்பாக வெளிவந்தது ஜப்பானில். ஜப்பானிய வட்டில் ஜப்பானிய சப்டைட்டில் மட்டும் இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். குறும்படங்களில் பல வசனமே இல்லாதவை. பட்டியலில் ‘வசனம் உண்டா’ என்ற பத்தி இங்கேதான் கைகொடுக்கிறது: வசனமற்ற படங்களை எந்த நாட்டுப் பதிப்பிலும் தயங்காமல் வாங்கலாம், வசனமுள்ளவற்றுக்கு மட்டும் சப்டைட்டில் மொழியைப் பார்த்தால் போதும்.

நான்காம் படி: மண்டலமும் ஒளிபரப்பு முறையும்

இவை இரண்டும் வெவ்வேறு பூட்டுகள் என்பதை முதலில் மனத்தில் இருத்த வேண்டும். டிவிடியின் மண்டலக் குறியீடு வணிக நோக்கத்தில் வகுக்கப்பட்டது; ஒரு மண்டலத்து வட்டு அந்த மண்டலத்துப் பிளேயரில் மட்டும் ஓடும். 1 என்பது அமெரிக்காவும் கனடாவும். 2 என்பது ஐரோப்பா, ஜப்பான், மேற்கு ஆசியா, தென்னாப்பிரிக்கா. 3 என்பது தென்கிழக்கு ஆசியா, தென்கொரியா, தைவான், ஹாங்காங். 4 என்பது ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, லத்தீன் அமெரிக்கா. 5 என்பது ரஷ்யா, தெற்காசியா, ஆப்பிரிக்காவின் பெரும்பகுதி. 6 என்பது சீனா. ப்ளூ-ரேயில் மூன்று மண்டலங்கள் மட்டுமே: ஏ என்பதில் அமெரிக்கக் கண்டங்களும் ஜப்பானும் கொரியாவும் தென்கிழக்கு ஆசியாவும், பி என்பதில் ஐரோப்பாவும் ஆப்பிரிக்காவும் ஆஸ்திரேலியாவும், சி என்பதில் ரஷ்யாவும் சீனாவும் தெற்காசியாவும் அடங்கும். எந்தத் தடையும் இல்லாத வட்டுகளும் நிறைய உண்டு.

ஒளிபரப்பு முறை வேறு; அது தொலைக்காட்சிக்குப் படத்தை அனுப்பும் தரநிலை. என்டிஎஸ்சி முறையில் நொடிக்கு 29.97 ஃபிரேம்கள் (அசையாத தனிப்படங்கள்), டிவிடியில் 480 கோடுகள். பிஏஎல் முறையில் நொடிக்கு 25 ஃபிரேம்கள், 576 கோடுகள். ஜப்பானும் ஐரோப்பாவும் டிவிடியில் ஒரே மண்டலம் என்றாலும், ஜப்பான் என்டிஎஸ்சி முறையையும் ஐரோப்பா பிஏஎல் முறையையும் பின்பற்றுவதால், மண்டலம் பொருந்தியும் படம் ஓடாத நிலை ஏற்படலாம். எனவே மண்டலத் தடையற்ற பிளேயரை வாங்கும்போது, இரு முறைகளையும் அது ஏற்கிறதா என்று தனியாகக் கேட்டுத் தெளிய வேண்டும். கணினியின் டிவிடி டிரைவில் மண்டலத்தை 5 முறைதான் மாற்ற முடியும். ஐந்தாவது மாற்றத்தோடு அது அந்த மண்டலத்திலேயே நின்றுவிடும்.

குறும்பட ஆர்வலர்களை மட்டும் குறிவைத்தது போன்ற ஒரு சிக்கல் ப்ளூ-ரேயில் உண்டு. ஐரோப்பிய ப்ளூ-ரேயில் முழுநீளப் படம் எந்த நாட்டிலும் ஓடக்கூடிய வடிவத்தில் இருந்தாலும், இணைப்பாக உள்ள பழைய குறும்படங்கள் பிஏஎல் முறைத் தரத்திலேயே பதிவாகியிருக்கலாம். அப்போது அந்த முறையை ஏற்காத பிளேயரில் பெரிய படம் அழகாக ஓடும். நாம் எதற்காக வாங்கினோமோ அந்தக் குறும்படம் மட்டும் ஓடாது.

ஐந்தாம் படி: வாங்கும் முன் கணக்குப் போடுதல்

பின்னட்டையில் உள்ள எண்களே பல செய்திகளைச் சொல்லிவிடும். பத்து நிமிடப் படம் ஓர் ஐரோப்பிய டிவிடியில் 9 நிமிடம் 36 நொடி என்று போட்டிருந்தால், காட்சியை வெட்டிவிட்டார்கள் என்று பதற வேண்டாம். நொடிக்கு 24 ஃபிரேம்களில் எடுத்த படத்தை பிஏஎல் முறையில் 25 ஃபிரேம்களாக ஓட்டுவதால் அது ஏறத்தாழ 4 சதவீதம் வேகமாக ஓடுகிறது. நேரத்தை 25-ஆல் பெருக்கி 24-ஆல் வகுத்தால் உண்மை நேரம் வந்துவிடும். வராவிட்டால்தான் வெட்டு நடந்திருக்கிறதா என்று ஐயப்பட வேண்டும். வேகம் கூடும்போது இசையின் சுருதியும் சற்று உயரும். இசைக்கு இணையாகக் கோடு கோடாக வரையப்பட்ட படங்களில் இது எனக்கு உறுத்தும். அப்படிப்பட்ட படங்களுக்கு 24 ஃபிரேம்களில் பதிந்த ப்ளூ-ரேயைத் தேடுவது தகும்.

அடுத்து, ஒரு வட்டில் எவ்வளவு நேரத்தை அடைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். ஒற்றை அடுக்கு டிவிடியின் கொள்ளளவு 4.7 ஜிபி. அதில் 3 மணி நேரக் குறும்படங்களைத் திணித்தால் நொடிக்குச் சராசரியாக 3.5 மெகாபிட் அளவே கிடைக்கும். டிவிடி காணொளியின் உச்சவரம்பு 9.8 மெகாபிட். தட்டையான நிறங்கள் கொண்ட கார்ட்டூனுக்கு அது ஒருவேளை போதலாம். மணல், எண்ணெய் வண்ணம், ஊசிப்பலகை, ஃபிலிமின் மேல் நேரடியாகச் சுரண்டிய கோடுகள் ஆகியவற்றுக்குப் போதவே போதாது. ஏனெனில் அவற்றில் ஒவ்வொரு ஃபிரேமும் முழுவதுமாக மாறுகிறது, சுருக்கும் மென்பொருளுக்கு முந்தைய ஃபிரேமிலிருந்து எடுத்துக்கொள்ள எதுவும் மிஞ்சுவதில்லை. பெத்ரோவின் விரல் தடங்கள் சதுரச் சதுரமாக உடைந்து போவதை ஒருமுறை பார்த்தவர் இந்தக் கணக்கை மறக்க மாட்டார்.

படத்தின் வடிவமும் முக்கியம். பழைய குறும்படங்கள் பெரும்பாலும் ஏறத்தாழ 4:3 சட்டத்துக்காக வரையப்பட்டவை. அகலத் திரையை நிரப்புவதற்காக மேலும் கீழும் வெட்டிய பதிப்பை வாங்காதீர்கள்.

ஆறாம் படி: வந்த வட்டைச் சோதித்தல்

என்னைப் பொறுத்தவரை இந்தச் சேகரிப்பின் உயிர்நாடி இந்தப் படிதான். வட்டு கைக்கு வந்ததும் முதலில் அடிப்பக்கத்தை விளக்கொளியில் சாய்த்துப் பாருங்கள். ஆலையில் அச்சிட்ட டிவிடி வெள்ளி நிறத்திலோ வெளிர்பொன் நிறத்திலோ இருக்கும். ஊதா அல்லது நீலச் சாயல் தெரிந்தால் அது பதிவு செய்த வட்டு. சிறிய நிறுவனங்களும் இயக்குநர்களும் தாங்களே இப்படிப் பதிந்து விற்பதுண்டு என்பதால் சாயல் தெரிந்ததுமே போலி என்று முடிவு கட்டக் கூடாது. ஆனால் அச்சு வட்டு என்று சொல்லி விற்றதில் சாயல் தெரிந்தால் திருப்பி அனுப்புவதே முறை.

பிறகு படத்தை ஓட்டி, அசைவு மிகுந்த ஓரிடத்தில் நிறுத்தி, ஒவ்வொரு ஃபிரேமாக முன்னே நகர்த்துங்கள். இதற்கு மெக்லாரனின் ‘பிளிங்கிட்டி பிளாங்க்’ போன்ற சோதனைப் பொருள் வேறில்லை. 1955-ஆம் ஆண்டின் அந்தப் படத்தில் அவர் கறுப்பு ஃபிலிமின் மேல் கத்தியாலும் ஊசியாலும் சுரண்டி உருவங்களை வரைந்தார். எல்லா ஃபிரேமிலும் வரையவில்லை. சிலவற்றில் வரைந்து, இடையே பலவற்றை வெறும் கறுப்பாகவே விட்டுவிட்டார். கண்ணில் எஞ்சும் பிம்பமே அந்த இடைவெளியை நிரப்ப வேண்டும் என்பதே அவர் எண்ணம். நல்ல வட்டில் இந்தப் படத்தை ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தினால் பறவை தெரியும், பிறகு கும்மிருட்டு, மறுபடி கும்மிருட்டு, பிறகு சிதறிய இறகு என்று வரும். ஒரு முறையிலிருந்து இன்னொரு முறைக்கு அவசரமாக மாற்றிய வட்டில், இருட்டாக இருக்க வேண்டிய ஃபிரேமில் முந்தைய பறவையின் மங்கலான ஆவி தெரியும். இரண்டு ஃபிரேம்களைக் கலந்துவிட்டார்கள் என்பதற்கு அதுவே சாட்சி. அந்தப் படம் எதன்மேல் நிற்கிறதோ அந்த வெறுமையே அங்கே அழிந்துபோகிறது. வேறு எந்தப் படத்திலும் இதே சோதனையைச் செய்யலாம்: ஒரே ஃபிரேமில் ஒரு கை இரண்டு இடங்களில் மங்கலாகத் தெரிந்தால் மாற்றம் சரியில்லை. என்டிஎஸ்சி டிவிடியில் சீப்புப் பற்கள் போன்ற கோடுகள் சில ஃபிரேம்களில் தெரிவது வேறு. 24 ஃபிரேம்களை முப்பதாக விரிப்பதால் அது வருகிறது, நல்ல பிளேயர் அதைச் சரிசெய்துவிடும். ஆவியை எந்தப் பிளேயராலும் விரட்ட முடியாது.

அடுத்த சோதனை, செப்பனிடுகிறோம் என்று படத்தைத் தேய்த்துவிட்டார்களா என்பது. நார்ஷ்டெய்னின் 1975-ஆம் ஆண்டுப் படமான ‘யோஷிக் வ் துமானே’யில் முள்ளெலி நடந்து போகும் மூடுபனி, கணினி வருவதற்கு வெகுகாலம் முன்பு, மெல்லிய தாளைக் காட்சியின் மேல் வைத்துக் கேமராவை நோக்கி மெதுவாக உயர்த்தி உருவாக்கியது. தாள் உயர உயர அடியிலுள்ள குதிரை கரைந்து போகும். திரையில் அசையும் துகள்களை நீக்கும் மென்பொருளை அளவுக்கு மீறிப் பாய்ச்சிய பதிப்புகளில் அந்தப் பனி, தாளின் நுண்ணிய நடுக்கத்தை இழந்து, கண்ணாடிக்குப் பின்னால் வைத்த பால் போலத் தட்டையாகிவிடும். சுத்தமாக இருப்பதெல்லாம் நல்ல பதிப்பு ஆகாது. துகள்கள் அசைந்துகொண்டிருப்பதே ஃபிலிமின் இயல்பு.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. தெஸூகாவின் 1985-ஆம் ஆண்டுப் படமான ‘ஒன்போரோ ஃபிலிம்’, முதலாவது ஹிரோஷிமா விழாவில் உயரிய பரிசு பெற்றது. அதில் கீறல்களும் தூசியும் ஃபிரேம் குதிப்பும் நிறைந்திருக்கும். பழைய ஃபிலிமின் பழுதுகளே அந்தக் கதையின் பாத்திரங்கள். விவரம் தெரியாமல் வட்டு பழுது என்று விற்பவரிடம் முறையிட்டுவிடக் கூடாது. படத்தைப் பற்றி நாலு வரி படித்துவிட்டுச் சோதிக்க உட்காருவது நல்லது.

ஏழாம் படி: கேசட்டும் லேசர் டிஸ்கும்

சில படங்கள் டிவிடிக்கே வரவில்லை; அவற்றுக்காகப் பழைய ஊடகங்களைத் தொட வேண்டியிருக்கும். லேசர் டிஸ்க் 30 செ.மீ. விட்டமுள்ளது, மண்டலப் பூட்டு இல்லாதது. ஜப்பானும் அமெரிக்காவும் ஒரே முறையைப் பின்பற்றியதால் ஒரு பிளேயர் இரு நாட்டு வட்டுகளுக்கும் போதும். பக்கத்துக்கு 30 நிமிடம் மட்டுமே ஓடும் வகை வட்டுகளில் ஒரு சுழற்சிக்கு ஒரு ஃபிரேம் என்று பதிந்திருப்பதால், எந்த ஃபிரேமிலும் அசையாமல் நிறுத்திப் பார்க்கலாம். அனிமேஷன் பயில்பவர்கள் இதை விரும்பியதற்குக் காரணம் அதுவே. வாங்கும் முன் திரையில் வண்ணப் புள்ளிகள் பனி போலத் தூவுகின்றனவா என்று ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்; அது உள்ளடுக்கு அரிப்பின் அடையாளம், அதற்கு மருந்து இல்லை.

விஎச்எஸ் கேசட்டில் முதலில் பார்க்க வேண்டியது பூஞ்சை. சிறு ஜன்னல் வழியே நாடாச் சுருளின் விளிம்பில் வெண்மையான படலம் தெரிந்தால் அதை பிளேயரில் நுழைக்கவே கூடாது. பூஞ்சை பிளேயருக்குள் பரவி அடுத்த கேசட்டையும் கெடுத்துவிடும். பிரான்ஸில் வெளியான கேசட்டுகள் செக்காம் என்ற வேறோர் ஒளிபரப்பு முறையில் இருப்பதால் பிஏஎல் பிளேயரில் கறுப்பு வெள்ளையாகத் தெரியும். கேசட் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். நல்ல நிலையில் உள்ள அரிய கேசட்டை அடிக்கடி ஓட்டாமல், ஒருமுறை முழுவதுமாக முன்னும் பின்னும் சுற்றித் தளர்த்திவிட்டு, சொந்தப் பயன்பாட்டுக்குக் கணினியில் பதிந்து வைத்துக்கொள்வதே அதைக் காப்பாற்றும் வழி.

எட்டாம் படி: பாதுகாப்பும் பதிவேடும்

வட்டுகளும் கேசட்டுகளும் நூலகத்துப் புத்தகம் போல நிமிர்ந்து நிற்க வேண்டும். லேசர் டிஸ்க் சாய்ந்து நின்றால் வளைந்துவிடும். வெயிலும் ஈரமும் படாத அறை போதும். வட்டைத் துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்க்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் ஏற்படும் கீறல் தடத்தோடு சேர்ந்து ஓடி, பிளேயரால் தாண்ட முடியாததாகிவிடும். பெட்டியிலிருந்து எடுக்கும்போது நடுக்குமிழை அழுத்தி விடுவியுங்கள், வளைத்துப் பிடுங்காதீர்கள். ஜப்பானிய வெளியீடுகளின் முதுகில் சுற்றியிருக்கும் காகிதப் பட்டையையும், உள்ளே இருக்கும் குறிப்பேட்டையும் தூக்கி எறிய வேண்டாம். ஓர் இயக்குநரின் முழுப் படவரிசை அச்சில் கிடைக்கும் இடம் பல சமயம் அந்தக் குறிப்பேடு மட்டும்தான்.

பதிவேட்டை வட்டு வாரியாக எழுதாமல், இரண்டாம் படியில் தொடங்கிய படப் பட்டியலையே பதிவேடாக வளர்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு படத்தின் வரியிலும் அது இருக்கும் வட்டு, வட்டில் அதன் வரிசை எண், ஓடும் நேரம், ஃபிரேம் சோதனையில் கண்டது ஆகியவற்றைச் சேருங்கள். ஒரு படம் இரண்டு வட்டுகளில் இருந்தால் இரண்டையும் ஓட்டிப் பார்த்து, எதை எடுத்துப் பார்ப்பது என்று குறித்து வையுங்கள். ஆவி தெரிந்த வட்டையும் உடனே விற்றுவிட வேண்டாம்; அதில் மூலமொழிப் பெயர்வரிசை முழுதாக இருந்து, புதிய வட்டில் அது வேறு மொழியில் மாற்றப்பட்டிருக்கலாம். அதையும் சரிபார்த்து அந்த வரியில் எழுதிய பிறகே எதைக் கைவிடுவது என்று முடிவு செய்யுங்கள்.